இடது இறக்கையின் மூன்றாம் இறகு

தியத்தலாவை பஸ் நிலையத்துக்கு எதிரே
நளீம் நானாவின் தையற்கடையில்
சின்னம் தைப்பவள் நான்.
தோள்வரி, பெயர்த்துண்டு, கைப்பட்டி
எல்லாம் மெஷினில் ஓடிவிடும்.
பரசூட் சின்னம் மட்டும் கையால்.

முதலில் வந்தது ஒரு பழைய துணி.
வெளிநாட்டில் குதித்துப் பழகிய யாரோ
டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருந்தாராம்.
நீலம் மங்கி, ஓரம் பூச்சி தின்று,
நடுவில் ஒரு கிரீடம்.
கிரீடத்தை எடு என்றார் கப்டன் எக்கநாயக்க.
எடுத்தேன். படத்தில் ஓட்டை விழுந்தது.
அந்த ஓட்டைக்குள் எதை வைப்பதென்று
மூன்று மாதம் கடிதம் போனது, வந்தது.
சிங்கம் என்றார் ஒருவர்.
இரண்டரை அங்குலத்தில்
சிங்கம் பூனையாகிவிடும் சேர் என்றேன்.
நெற்கதிர் என்றார் இன்னொருவர்.
கடைசியில் தாமரை மொட்டு,
விரியாதது.
விரிய வேண்டியது மேலேதானே இருக்கிறது
என்று நானா சொன்னது
கோப்பில் ஏறவில்லை.

குடைக்கு எட்டு மடல்.
எட்டுக் கயிறும் ஒரே முடிச்சில் கூட வேண்டும்.
இறகு மேல்வரிசையில் ஐந்து, கீழே ஏழு.
நுனி மேல்நோக்கி வளைய வேண்டும்;
முதல் மாதிரியில் கீழே வளைத்திருந்தேன்,
அடிபட்ட காகம் என்று திருப்பி அனுப்பினார்கள்.
ஐந்து தரம் குதித்தவனுக்கு வெள்ளி நூல்.
ஐம்பது குதித்தவனுக்குக் குடைக்கு மேல் ஒரு நட்சத்திரம்.
நான்காவதில் கால் முறிந்தவனுக்கு
ஒன்றுமில்லை.
அப்படி ஒருவன் கடைக்கு வந்தான்.
கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துக்கொண்டே நின்றான்,
காற்சட்டைக்கு ஜிப் மாற்றக் கொடுத்துவிட்டுப் போனான்.
பிறகு எடுக்க வரவில்லை.

கயிற்றின் கீழே ஆளைக் காணோமே
என்று கப்டனிடம் கேட்டேன்.
குத்திக்கொள்பவன்தான் ஆள் என்றார்.

நான் விமானத்தில் ஏறியதில்லை.
அப்புத்தளை வளைவில் ரயில் மெதுவாகும்போது
கதவோரம் நின்று பார்த்தால்
தெற்கே தரை இருக்காது, மேகம்தான்.
என் குடைகள் எல்லாம் அங்கேதான் இறங்கின.

கொழும்பில் குண்டு வெடித்த மறுநாள்
அந்த ஸ்டேஷனிலேயே இறக்கிவிட்டார்கள் எங்களை.
வரிசை. மழைத் தூறல்.
என் முறை வந்தபோது
மீசை சரியாக முளைக்காத ஒருவன்
அட்டையை வாங்கினான்.
வீராயி என்ற என் பெயர்
அவன் வாயில் மூன்று துண்டாக வந்தது.
அவன் என் முகத்தையும் படத்தையும்
மாறி மாறிப் பார்த்தான்.
நான் அவன் நெஞ்சைப் பார்த்தேன்.

இடது இறக்கை, மூன்றாம் இறகு.
மின்சாரம் போன மாலை
மெழுகுதிரி வெளிச்சத்தில் தைத்தது,
ஒரு தையல் அதிகம்.
அதன் கீழே நூல் பிரிந்து
அரை விரல் நீளம் தொங்குகிறது.
இழுத்தால் ஏழு இறகும் வந்துவிடும்.

பையைத் திற என்றான்.
சோற்றுப் பெட்டி, குடை, நூற்கண்டு.
அடியில் கத்தரிக்கோல்.
இது எதற்கு?
சுற்றியிருந்தவர்கள் ஒரு அடி விலகினார்கள்.
சிங்களத்தில் எனக்கு ஆயிரம் வார்த்தை தெரியும்,
அன்றைக்கு ஒன்றும் வரவில்லை.
விரலை நீட்டினேன்,
அவன் சட்டைப்பையின் மேல்,
நூலை நோக்கி.

குனிந்து பார்த்தான்.
வாசலில் நின்று முதல் தரம்
கீழே பார்ப்பவனின் முகம்
இப்படித்தான் இருக்குமோ என்னவோ.

கத்தரியை எடுத்துத் தானே வெட்டினான்.
ஒட்ட வெட்டத் தெரியவில்லை.
நூல் துண்டு காற்றில்
பள்ளத்தாக்குப் பக்கம் போனது.
போ என்றான். அட்டை திரும்பி வந்தது.
கத்தரிக்கோல் வரவில்லை.

அது கடையுடையது.
மாதக் கடைசியில் நளீம் நானா
நாற்பத்தைந்து ரூபாயைக் கழித்துக்கொண்டுதான்
சம்பளம் தந்தார்.